பின்னோக்கி நடப்பவர்கள்

முகுந்தராயர் சத்திரம் தாண்டியதும்
மணல் முதலில் வெள்ளைக்கோட்டைத் தின்னும்,
பிறகு தாரின் ஓரத்தை.
அதனால்தான் இந்தச் சாலையைக் கேட்டு வாங்கினேன்.
"கோடே இல்லாத ரோட்டுல என்னத்த சோதிப்பீங்க?"
என்றார்கள் சென்னை அலுவலகத்தில்.
கோடு இல்லாததைத்தான்.

ஸ்டியரிங்கில் யார் கையும் இல்லை.
அதற்கு அரை அங்குலம் மேலே
தோசைக்கல்லின் சூடு பார்ப்பதுபோல
இரண்டு உள்ளங்கைகள்.
நம்புராஜன்.
இருபத்திரண்டு வருடம் மீன்லாரி ஓட்டியவர்.
பெயரிலேயே நம்பு இருக்கிறது,
ஆள் எதையும் நம்புவதில்லை.
அந்தக் குணத்துக்காகவே வேலைக்கு எடுத்தோம்.

"இதுக்கு முன்னாடி மூளையில வேல பாத்தீங்களாமே மேடம்?"
ஆமாம், எலி மூளையில்.
ஒன்பது வருடம்.
மணி அடித்தால் இனிப்புநீர் சொட்டும் என்று
எலியைப் பழக்குவேன்.
பிறகு ஒருநாள் மணி அடிக்கும்,
நீர் வராது.
அதுவரை துடித்துக்கொண்டிருந்த ஒரு நரம்பணு
அப்போது வாயடைத்துப்போகும்.
அந்த மௌனம் எத்தனை மில்லிசெகண்ட் என்று
அளந்ததற்குத்தான்
முனைவர் என்று போட்டுக்கொள்கிறேன்.

"எலி என்ன செய்யும்?"
குழாயை இன்னொரு தரம் நக்கிப் பார்க்கும்.

ஏன் விட்டாய் என்று கேட்பவர்களுக்கு
ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கிறேன்.
அப்பாவிடம் சம்பளம்.
பேராசிரியரிடம், நிதி நின்றுவிட்டது.
இருநூற்றுப் பன்னிரண்டாம் எலியைப் பற்றி
யாரிடமும் சொன்னதில்லை:
கடைசி ஊசிக்காகக் கூண்டைத் திறந்தேன்,
தானாக வந்து
என் உள்ளங்கையில் ஏறிக்கொண்டது.
நான் பழக்கியதுதான்.

கம்பிப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால்
கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள்,
ஏழு பேர்.
முகமெல்லாம் கடலைப் பார்த்து.
திரையில் ஏழு பச்சை அம்புகள்,
ஏழும் கடல்பக்கம்.
விலகிப் போகிறார்கள் என்றது வண்டி.
முப்பத்தெட்டு கிலோமீட்டர்.
குறைக்கவில்லை.

அவர்களோ
இடுப்புக்கச்சையில் கயிற்றை மாட்டி
குதிகால் புதையப் புதைய
முதுகால் நடந்து
சாலைக்கு வந்துகொண்டிருந்தார்கள்.
கடைசி ஆளின் குதிகால்
தாரைத் தொட்டது.

உள்ளங்கைகள் அரை அங்குலம் இறங்கின.
பிரேக்.
மணலில் டயர் சறுக்கி
ஆளுக்கும் பம்பருக்கும் நடுவே
ஒரு மீன்கூடை வைக்கலாம்.
அவர் திரும்பக்கூட இல்லை,
வலை கனத்துக் கிடந்தது.
"ஹாரன் அடிச்சாத்தான் என்ன?" என்றார்
கடலைப் பார்த்தபடியே.

எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.
நம்புராஜன் தண்ணீர் பாட்டிலைத் தேடினார்.
கை நடுங்கியது,
அவருக்கும்.

இரவு ராமேஸ்வரம் விடுதியில்
ஃபேன் கடகடக்க
படம் படமாக நிறுத்திப் பார்த்தேன்.
நான்காவது மணிநேரம் கண்ணில் பட்டது:
கயிறு.
இறுகி, நேராக, ஈரமாக.
தளர்ந்திருந்தால் கடலுக்குப் போகிறான்,
இறுகியிருந்தால் நம்மிடம் வருகிறான்.
திரையில் நாலு புள்ளி அகலம்.
நாலு புள்ளிக்குக் கீழ்ப்பட்டதும் நாலும்
வெறும் இரைச்சல், கழித்துவிடு என்ற விதி
போன மார்ச்சில் சேர்ந்தது.
எழுதியவர் பெயர் இருக்குமிடத்தில்
என் பெயர்.

அறிக்கையில் காரணம் என்ற கட்டம்
காலியாகக் கிடக்கிறது.
கணிப்பு பிழைத்தது என்று எழுதலாம்.
ஆனால் பிழைத்த கணத்தில்
அந்த வண்டிக்குள் எதுவுமே
வாயடைத்துப்போகவில்லையே.
ஏழு அம்பும் பச்சையாகவே நின்றன,
குதிகால் தாரைத் தொட்ட பிறகும்.

எலிக்கு இருந்தது அது.
எப்படி எழுதுவது இதை
சென்னைக்குப் புரியும்படி.

காலை ஐந்தரைக்கு இறங்கிப் போனேன்.
நம்புராஜன் கேமராவில் படிந்த உப்பை
எச்சில் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்.
எச்சில் ஆகாது என்று
மூன்று தரம் சொல்லியாயிற்று.